விடிய விடிய ஆடட்டும் நம் பிள்ளைகள்

(செய்யாறு பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த இளையோர் தெருக்கூத்து விழாவில் ஆற்றிய தொடக்க உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, ஜமா என்கிற கூத்துக் குழுவோடு வந்திருக்கிற வாத்தியார்களே, கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அரிதாரம் பூசிக்கொண்டிருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கிரீடம், புஜம் என்று மர அணிகள் பூட்டுகிற கட்டை வேஷம் கட்டி முடிய இன்னும் நேரமாகும். அதற்குள் எனக்கு ரொம்ப நாளாக இருக்கிற ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். கூத்து கற்றுக்கொள்ளும் பிள்ளையை மேடையில் ஏற்றுகிறோம், படம் எடுக்கிறோம், சால்வை போடுகிறோம். அப்புறம் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுகிறோம். ஒரு முழு இரவை அந்தப் பிள்ளையை நம்பிக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போய், ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். பறையையும் கரகத்தையும் பள்ளி வாசலுக்குள் விடாத காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு ஆசிரியரே கூட நின்று ஒத்திகை பார்க்கிறார். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போட்டி என்று வந்தால் நேரக் கணக்கும் வந்துவிடும். மற்றக் கலைகளுக்கு அது எப்படியோ, கூத்துக்கு அது ஒத்துவராது.

ஏன் ஒத்துவராது? ஒரு ராஜ வேஷம் களரிக்கு, அதாவது ஆடுகிற இடத்துக்கு, வருவதை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். ஆடுகிறவர் திரைக்குப் பின்னாலேயே நின்று விருத்தம் பாடுகிறார். நமக்குத் தெரிவது கிரீடத்தின் உச்சி, திரைக்குக் கீழே சலங்கைக் கால், அவ்வளவுதான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து, வருகிறது யார், எந்தத் தேசத்து ராஜா என்று வம்புக்கு இழுக்கிறான். பின்பாட்டுக்காரர்கள் பாட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறார்கள். மிருதங்கம் ஏறுகிறது. முகம் ஒருமுறை எட்டிப் பார்த்து மறுபடி மறைகிறது. அப்புறம்தான் திரை விலகுகிறது, ஆள் களரியைச் சுற்றிக் கரகரவென்று சுழன்று வந்து நிற்கிறார். இந்த ஒரு வருகைக்கே பத்து நிமிடம் போதாது. பத்து நிமிடத்தில் அடக்கச் சொன்னால் பிள்ளை எதை வெட்டும்? திரையை வெட்டும், கட்டியக்காரனை வெட்டும், விருத்தத்தை வெட்டும். கடைசியில் மிஞ்சுவது சுழற்சி மட்டும்தான். கைதட்டு அதற்குத்தான் விழுகிறது. சரி, கூத்து என்றால் இதுதான்போல என்று பிள்ளையும் நினைத்துக்கொள்ளும்.

நம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் எப்படி வைக்கிறோம்? பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் சொல்கிறார். பகலில் கேட்ட கதையை ராத்திரி கூத்தில் கண்ணால் பார்க்கிறோம். துகில், அர்ஜுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று வரிசையாகப் போய், துரியோதனன் விழுகிற படுகளத்தன்று காலையில் மண்ணால் செய்த துரியோதனன் மார்பின்மேல் பீமன் ஏறி நிற்கிறான், பாஞ்சாலி கூந்தல் முடிகிறாள், சாயங்காலம் தீமிதி. வயதான பெண்கள் அங்கே அழுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வேடிக்கை பார்க்கிற கூட்டம் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஆடித்தான் வாத்தியார்கள் வாத்தியார்கள் ஆனார்கள். முதலில் திரை பிடித்தார்கள், தாளம் போட்டார்கள், பின்பாட்டில் நின்றார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் சின்ன வேஷம் கிடைத்தது. ராத்திரி மூன்று மணிக்கு ஜனங்கள் தூங்கி விழும்போது ஒரு பாட்டால் அவர்களை எப்படி எழுப்புவது என்பதை மூன்று மணிக்குக் களரியில் நின்றால்தான் கற்க முடியும். சாயங்காலம் ஆறு மணி மேடையில் அது வராது.

புரிசை நமக்குப் பக்கத்து ஊர். கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் கூத்தைப் பார்த்துத்தான் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி இந்தப் பக்கம் திரும்பினார், 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கண்ணப்பத் தம்பிரானின் மகன் சம்பந்தனுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். நம் மண்ணுக்கு வந்த மரியாதை அது. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002-ல் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் படிப்பையும் படித்துக் கூத்தும் கற்றார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. ஆண்களே ஸ்திரீ பார்ட், அதாவது பெண் வேஷம், கட்டிவந்த கலையில், அங்கே பெண் பிள்ளைகள் கட்டை வேஷம் கட்டி ராஜாவாகவே வந்தார்கள். 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது. அப்படி ஓர் இடம் பதினெட்டு ஆண்டு நடந்தது என்பதே, பிள்ளைகளால் முழுக் கூத்தைத் தாங்க முடியும் என்பதற்குப் போதுமான சாட்சி.

பெற்றோர் கேட்பீர்கள், ராத்திரி முழுக்க ஆடினால் காலையில் பள்ளிக்கூடம் என்னாவது என்று. நியாயமான கேள்வி. பங்குனி கடைசியில் தொடங்கி சித்திரை, வைகாசி வரை நம் கூத்தின் பெரும் பகுதி பரீட்சை விடுமுறையை ஒட்டித்தான் வருகிறது. அந்த நாட்களைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். பள்ளி நடக்கும் மாதங்களில் ஒத்திகையோடு நிறுத்திக்கொள்ளலாம். படிப்பைக் கெடுத்துக் கூத்து வேண்டாம், அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

சம்பளத்தையும் பேசியாக வேண்டும். கூத்து வைக்க அச்சாரம் கொடுக்கிற ஊர்க்காரர்கள், பிள்ளைகள் செட் என்றதும் பேரம் பேசுகிறீர்கள். வெளிச்சத்துக்கும் ஸ்பீக்கருக்கும் முழு வாடகை கொடுக்கிற கை, ஆடுகிறவனிடம் வரும்போது ஏன் சுருங்குகிறது? பதினாறு வயதுப் பையன் முதல் சம்பளத்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த வருடம் அவனைக் கூத்துக்கு அனுப்ப அவன் அம்மாவே யோசிக்க மாட்டாள். நான் பேசிப் பார்த்த இளைஞர்களில் பலர் கூத்தை விட்டது ஆசை குறைந்து அல்ல. கம்பெனி வேலையில் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, இங்கே வருவதில்லை.

வாத்தியார்களிடமும் ஒரு வேண்டுகோள். சின்ன நாகசுரம் போன்ற முகவீணையை வாசிக்கிறவர்கள் நம் வட்டாரத்தில் குறைந்துகொண்டே போகிறார்கள். வருகிற பிள்ளையெல்லாம் வேஷம்தான் கேட்கும், அது இயல்பு. பத்துப் பேர் வந்தால் இரண்டு பேரையாவது வாத்தியத்தில் உட்கார வையுங்கள். அவர்களையும் இதே மேடையில் கூப்பிட்டு ஊர் அறிய மரியாதை செய்யுங்கள்.

இன்றைக்கு அபிமன்னன் சண்டை. பதின்ம வயதுப் பையனின் கதையைப் பதின்ம வயதுப் பிள்ளையே ஆடப்போகிறது. கட்டியக்காரன் மட்டும் பெரியவர், மற்ற எல்லோரும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். சக்கர வியூகம் உடைகிற கட்டம் வர ராத்திரி இரண்டரை மணி ஆகும். குழு படம் எடுத்ததும் எழுந்து போய்விடாதீர்கள். தூக்கம் வந்தால் இங்கேயே பாயில் படுங்கள், மிருதங்கம் எழுப்பிவிடும். டீக்குச் சொல்லியிருக்கிறோம், பன்னிரண்டு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. பாட்டு தப்பினால் சிரிக்காதீர்கள், பின்பாட்டு எடுத்துக் கொடுக்கும். பிடித்திருந்தால் களரிக்கே வந்து அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லி அன்பளிப்புக் கொடுங்கள்.

திரை பிடிக்கிறவர்கள் தயாராகிவிட்டார்கள். நான் இறங்குகிறேன். வணக்கம்.