சந்தா கேட்கும் செயலியும் அம்மாவின் பிரஷர் கணக்கும்

வணக்கம் நேயர்களே. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கி, வருடக்கணக்கில் கை பழகிப்போன ஒரு செயலி, ஒருநாள் காலையில் திறந்தால் "இனி மாதச் சந்தா" என்று வந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். போட்டோஷாப் தயாரிக்கும் அடோபி 2013-லேயே இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. குறிப்பு எழுதி வைக்கும் செயலியான எவர்நோட் 2023 டிசம்பரில், இலவசக் கணக்கு என்றால் 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்டுப்புத்தகம், அவ்வளவுதான் என்று நிறுத்திக்கொண்டது.

சந்தா கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். சர்வருக்கு மாதாமாதம் செலவு உண்டு, போன் மென்பொருள் மாறும்போதெல்லாம் செயலியையும் திருத்தியாக வேண்டும். ஆனால் நாம் எழுதி வைத்ததை நம்மோடு எடுத்துப் போக முடிகிறதா, அதுதான் என் கேள்வி.

நான் மாட்டிக்கொண்டதும் ஒரு குறிப்புச் செயலிதான், பெயர் வேண்டாம். அதில் கேஸ் இணைப்பு எண், வீட்டுப் பத்திரத்தின் படம், அம்மாவின் பிரஷர் கணக்கு என்று எல்லாம் கிடந்தது. சந்தா வேண்டாம் என்று முடிவு செய்து, அத்தனையையும் ஏற்றுமதி செய்து, அதாவது கோப்பாக வெளியே எடுத்து, புதிய செயலியில் போட்டேன். எழுத்தெல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது, ஆனால் தேதி மட்டும் எல்லாவற்றுக்கும் நான் மாற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமை! செயலிதான் தேதி போடுகிறதே என்று நான் எண்ணை மட்டும் குறித்து வந்திருக்கிறேன், அதனால் நாலு வருட பிரஷரும் அம்மாவுக்கு ஒரே நாளில் ஏறி இறங்கியதுபோல் ஆகிவிட்டது. படங்களுக்கோ பெயர் மட்டும் வந்திருந்தது, படம் இல்லை. கடைசியில், வேண்டாம் என்று வந்த அதே இடத்தில் ஒரு மாதச் சந்தா கட்டித்தான் எல்லாவற்றையும் மீட்டேன். சிரிக்காதீர்கள்.

அதனால் மாறுவதற்கு முன், படம் உள்ளது, பட்டியல் உள்ளது, பழைய தேதி உள்ளது என்று ஒரு பத்துக் குறிப்பை மட்டும் நகர்த்திப் பாருங்கள். அப்சிடியன் போன்ற குறிப்புச் செயலிகள் மார்க்டவுன் என்கிற வெறும் எழுத்துக் கோப்பாகவே உங்கள் கணினியில் வைக்கின்றன, செயலியே மூடிப்போனாலும் நோட்பேடில் திறக்கலாம். ஜாப்ளின் என்கிற இன்னொரு குறிப்புச் செயலி, நிரலை யாரும் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருள், எவர்நோட் ஏற்றுமதிக் கோப்பை நேரடியாகவே வாங்கிக்கொள்ளும்.

அப்புறம், போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நின்றுவிடாது, பிளே ஸ்டோரில் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். காசு எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

நான் இப்போதெல்லாம் முதல் வரியில் தேதியைக் கையாலேயே தட்டிவிடுகிறேன். நேற்று அம்மாவுக்கு 130-க்கு 84.