அரசமரத்தைச் சுற்றியவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

"அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்" என்று ஒரு பழமொழி. அவசரப்படும் பையன்களைக் கேலி செய்ய வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகி நாலாம் வருஷத்தோடு விட்டுவிட்டேன். தொட்டுப் பார்க்கிறவள் என் வீட்டிலேயே இருந்தாள்.

கருத்தடை எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் மருத்துவர்கள் அதைக் குழந்தையின்மை என்கிறார்கள். ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. இங்கே அறுபது பேர் இருப்பீர்கள். கணக்குப்படி பத்துப் பேர். கையைத் தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் என் மனைவி மட்டும் அலைந்தாள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. அது வலிக்கும். திருக்கருகாவூர் நெய், செவ்வாய்க்கிழமை விரதம் வேறு. நான் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு சின்ன டப்பாவில் விந்து, அவ்வளவுதான். "எனக்கென்ன குறை" என்று தட்டிக்கழித்தேன். கடைசியில் கொடுத்தபோது, விந்தணு எண்ணிக்கை குறைந்திருந்தது என் பக்கம். ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கும் என்கிறார்கள். ஆனால் மலடி என்ற சொல் தெருவில் புழங்கிய அளவுக்கு மலடன் புழங்கவில்லை.

அன்று ராத்திரி அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "அந்த எக்ஸ்ரேவுக்கு முன்னாடியே கொடுத்திருக்கலாம்ல" என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்குப் பேச வேண்டும். நான் கூடுதலாக ஒரு டியூஷன் எடுத்தேன். துக்கம் ஒன்றுதான், சுமந்த விதம் வேறு. நான் கல்நெஞ்சன் என்று அவள் நினைத்தாள், அவள் அதையே பிடித்துத் தொங்குகிறாள் என்று நான் நினைத்தேன்.

சோதனைக்குழாய் முறையில் கருவை உள்ளே வைத்தபின் ரத்தப் பரிசோதனைக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம். குளியலறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பேன். அது கலைந்துபோனால்? ஒரு சாவு விழுந்தால் தெருவே வந்து துக்கம் கேட்கும். இதற்கு யார் வருவார்? எங்களுக்குக் கலைந்த மறுநாள் நான் எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன்.

எங்களைக் கொஞ்சம் நிமிர்த்தியது ஒரு மனநல ஆலோசகர். சிகிச்சையின் விளைவுகளையும் வெற்றி வாய்ப்பையும் சொல்லி ஆலோசனை தர வேண்டும் என்று செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021ஆம் ஆண்டுச் சட்டமே இன்று மருத்துவமனைகளுக்குச் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். அவர் சொன்னபடி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் இதைப் பற்றிப் பேசுவோம். அரைமணி முடிந்தால் வேறு பேச்சு. டியூஷனை விட்டேன். எத்தனை முறை முயல்வது, எவ்வளவு கடன் வாங்குவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்தோம். மூன்று என்று எழுதினோம். மூன்றாவதும் கலைந்த அன்று நாலாவதைப் பற்றிப் பேச எனக்குத்தான் நாக்கு துடித்தது. அவள் அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள்.

இன்னொரு ஏற்பாடு, என் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது நான். ஒரு கல்யாண வீட்டில் சித்தி அவளைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்றார். "குறை எங்கிட்டதான் சித்தி" என்றேன். சித்திக்குக் காபி புரையேறியது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. ஐந்தே நொடி வேலை. ஆறு வருஷம் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

தத்தெடுக்கலாமே என்பார்கள். எடுக்கலாம், குழந்தை மேல் ஆசை இருந்தால். அழுகையை நிறுத்தும் மருந்தாக ஒரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்பது என் கட்சி. நாங்கள் எடுக்கவில்லை. வளைகாப்புகளுக்கு அவள் இப்போதும் போவதில்லை. நான் போய் மொய் எழுதிவிட்டு, கட்டுச்சோறு வாங்கி வருவேன். புளியோதரை அவளுக்குப் பிடிக்கும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். விசேஷம் உண்டா என்பதைத் தவிர.