கண்டல் கணக்கு: கையெழுத்துக்கு முன் தெரிய வேண்டியவை

(பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஊர்ப் பெரியவர்களே, வலைத் தொழில் செய்யும் அண்ணன்மார்களே, இறால் தடவும் அக்கா தங்கைகளே, வணக்கம்.

2024 நவம்பரில் பாகூ நகரில் கூடிய காலநிலை மாநாட்டில், பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவுக்கான விதிகள் முடிவாயின. கார்பன் கிரெடிட்டை நாடு விட்டு நாடு விற்க வழி பிறந்திருக்கிறது. "கண்டல் நட்டால் காசு" என்று, கண்டல் எனும் அலையாத்தி மரம் நட ஒப்பந்தத்தோடு நம் கரைக்கும் ஆட்கள் வருவார்கள். வரட்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

ஒரு கிரெடிட் என்றால் காற்றிலிருந்து நீக்கிய, அல்லது காற்றில் சேராமல் தடுத்த ஒரு டன் கரியமில வாயு. ஒரு வெண்கண்டல் மரத்தில் நெஞ்சுயரத்தில் நாடாவைச் சுற்றுங்கள். சுற்றளவு 31.4 செ.மீ. இருந்தால் விட்டம் 10 செ.மீ. இதே இனத்துக்கு ஆஸ்திரேலியாவில் கண்ட சூத்திரப்படி, தரைக்கு மேலுள்ள உலர் எடை ஏறக்குறைய 40 கிலோ. அதில் 47 சதவீதம் கார்பன் என்று வைத்தால் சுமார் 19 கிலோ. கார்பனைக் கரியமில வாயுவாக மாற்ற 3.67ஆல் பெருக்கினால் 69 கிலோ. வேரைச் சேர்க்காமல், இந்தப் பருமனில் பதினைந்து மரம் நின்றால்தான் ஒரு கிரெடிட். நட்ட நாற்றை எண்ணிப் பணம் பேசுகிறவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

பெரிய இருப்பு சேற்றில் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி மண் எடுத்து, உலர்த்தி, அடர்த்தியும் கார்பன் சதவீதமும் பார்ப்பார்கள். உதாரணத்துக்கு, அடர்த்தி கன செ.மீ.க்கு 0.8 கிராம், கார்பன் 2 சதவீதம் என்றால் ஹெக்டேருக்கு 160 டன் கார்பன். கரியமில வாயுவாக 587 டன். கேட்டதும் மலைப்பாக இருக்கும். இந்த 587ஐயும் விற்க முடியாது. அது ஏற்கெனவே சேற்றில் கிடப்பது. திட்டத்தால் புதிதாகக் கூடியது எவ்வளவோ அதுதான் கிரெடிட். அதிலும் புயலில் மரம் அழிந்தால் ஈடுகட்ட ஒரு பங்கைப் பொதுச் சேமிப்பில் ஒதுக்கிவிடுவார்கள். முழு இருப்பையும் காட்டி ஆசை காட்டுகிறவரை நம்பாதீர்கள்.

கண்டல் ஏன் பட்டுப்போகிறது? நாற்றைக் குறை சொல்லிப் பயனில்லை, தண்ணீரைப் பாருங்கள். பிச்சாவரத்தில் மரம் வெட்டப்பட்ட இடம் வெயிலில் காய்ந்து, மண் அமுங்கி, தட்டுப்போலக் குழிந்தது. ஏறிய ஓதம், அதாவது கடல் ஏற்றத் தண்ணீர், வடியாமல் நின்று ஆவியாகி உப்பு ஏறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து அங்கே மீன்முள் போல வாய்க்கால் வெட்டியது: நடுவில் ஒரு முதன்மை வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் ஏறி இறங்க, உப்பு கழுவப்பட்டது. நாற்றை வாய்க்கால் சரிவின் நடுமட்டத்தில் வைத்தார்கள். அடியில் வைத்தால் தண்ணீரில் மூழ்கும், மேட்டில் வைத்தால் காயும். வண்டல் தூர்ந்தால் மறுபடி அள்ள வேண்டும். நடவுக்கு மட்டும் பணம் ஒதுக்கி, தூர் வாரப் பணம் வைக்காத திட்டம் நிற்காது. நமக்கோ முகத்துவாரமே மணல் மூடிக்கொள்கிறது. அது அடைபட்டால் உள்ளே எந்த வாய்க்கால் வெட்டியும் என்ன செய்ய?

இன்னொரு தவறு, இடத் தேர்வு. வெறும் சேற்றுத்திட்டு என்று வரைபடத்தில் தெரிவது இருளர் பெண்கள் பறி என்னும் மீன்கூடையோடு இறங்கி இறால் தடவும் இடமாக இருக்கும். அங்கே நட்டால் கண்டலும் வராது, பிழைப்பும் போகும். அவர்கள் வேறு இடம் தேடிப் போய் அங்குள்ள கண்டல் கெட்டால் அதற்குக் கசிவு என்று பெயர், கிரெடிட்டில் கழிப்பார்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையை மட்டும் அளந்தால் இந்தக் கசிவு கண்ணில் படாது.

பாடு என்கிற மீன்பிடி இடத்தைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொண்ட ஊர்கள் நம்முடையவை. ஆனால் பாடு பட்டாவில் இல்லை. நிலம் அரசுடையது என்றால் கிரெடிட்டும் அரசுக்கோ குத்தகைக்காரருக்கோ போய்விடும். ஆகவே ஒப்பந்தத்தில் ஐந்து விஷயம் தமிழில் எழுதியிருக்க வேண்டும்: பாடு உரிமை மாறாது, ஊருக்கு இத்தனை சதவீதம், அது செலவு கழித்தா கழிக்காமலா, எத்தனை ஆண்டு, மரம் பட்டுப்போனால் யார் பொறுப்பு. வெளிநாட்டுக்கு விற்பதானால் மத்திய அரசின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். அப்படி விற்ற டன்னை இந்தியா தன் கணக்கில் காட்ட முடியாது.

வரைபடம் கொண்டுவந்தால், அக்காமார் பறியோடு இறங்கும் தடங்களை முதலில் அதில் வரையச் சொல்லுங்கள். வாய்க்கால் கோடு அதற்குப் பிறகு.