பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்

(மதுரையில் செப்டம்பர் 16 மாலை நூலக அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வேறு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாலும் இந்த ஊர்த் திருவிழா எல்லாவற்றிலும் முன்னால் நடக்கிற நாகசுர வித்வான் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் அரங்கைத் தந்த நூலகர் அவர்களே, பெற்றோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அந்தப் பணத்துக்குச் சுருதிப் பெட்டி வாங்கி ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள் என்றேன். கொடுத்தும்விட்டார்கள். ஆனாலும் பொன்னாடையும் போட்டுவிட்டார்கள். தலைவர் ஐயாவின் அன்பு அப்படி. அவர் கூட்டுறவுத் துறையில் இருந்த காலத்திலிருந்து அந்தக் கை கொடுத்துக்கொண்டே இருக்கும் கை. மாமன்ற உறுப்பினர் அம்மாவும் ஒரு நல்ல செய்தி சொல்லப்போவதாகக் காதோடு சொன்னார். அதை அவரே சொல்லட்டும்.

இன்று செப்டம்பர் 16. இந்தத் தேதியைப் புரட்டினால் இசை உலகத்தில் பாதிப் பேர் எழுந்து வருகிறார்கள். 1887-இல் இதே நாளில் பாரிஸில் இசை ஆசிரியை நாதியா பூலான்ஜே பிறந்தார். 1916-இல் நம் மதுரையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தார். 1925-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டு ஓரம் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் பிறந்தார். 1973-இல் சிலி நாட்டுப் பாடகர் விக்தோர் ஹாராவை ராணுவம் கொன்றது இந்த நாளில். 1977-இல் ஒரே நாளில் இரண்டு சாவு: பாரிஸில் ஆபெரா பாடகி மரியா காலாஸ், லண்டனில் கார் விபத்தில் ராக் பாடகர் மார்க் போலன். போலனுக்கு முப்பது வயது முடிய இரண்டே வாரம் இருந்தது. இந்த ஆறு பேரில் சிலரைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

ஊர்க்காரரிலிருந்து தொடங்குகிறேன். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார், 1998-இல் பாரத ரத்னா பெற்றார் என்பதெல்லாம் பிள்ளைகள் கட்டுரைப் போட்டியில் எழுதிவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது அவர் முதன்முதலில் ஏறிய மேடையைப் பற்றி. அம்மா சண்முகவடிவு வீணை வாசிப்பவர். வடக்கு வெளி வீதியில் இருக்கிறதே சேதுபதி பள்ளி, பாரதியார் 1904-இல் தமிழாசிரியராக இருந்த அதே பள்ளி, அங்கே அம்மாவின் கச்சேரி. குழந்தை வெளியே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. யாரோ தூக்கிக்கொண்டு போய், கையையும் பாவாடையையும் தட்டிவிட்டு மேடையில் உட்காரவைத்தார்கள். பாடு என்றார் அம்மா. இரண்டு பாட்டுப் பாடிவிட்டு மறுபடி மண்ணுக்கு ஓடிவிட்டது. எம்.எஸ். அம்மாவே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது.

கவனியுங்கள். முதல் மேடை சபா அல்ல, பள்ளிக்கூடம். பள்ளிக்கு இசை ஆசிரியர் வேண்டும் என்ற பழைய பல்லவிக்குத்தான் வருகிறேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பாடப் பாட ராகம், மூட மூட ரோகம் என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, நான் அதைச் சொல்லாத கூட்டம் எது?

இப்போது பி.பி. கிங். இந்தக் கதையைப் பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் வந்து கேளுங்கள்.

1949, குளிர்காலம். அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு நடனக் கொட்டகை. உள்ளே சனம் நெருக்கியடித்து ஆடுகிறது. குளிர் தாங்காமல், நடுவில் ஒரு பீப்பாயை வைத்து அதில் பாதிக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் தீயணைப்பு அதிகாரி பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்! கிங்குக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. ஒரு மூலையில் கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று இரண்டு பேருக்குள் சண்டை. ஒருவன் ஒருவனைத் தள்ள, அவன் போய்ப் பீப்பாயில் விழ, பீப்பாய் கவிழ, எண்ணெய் தரையெல்லாம் ஓட, தீயும் அதன் பின்னாலேயே ஓடுகிறது. மரக் கொட்டகை. எல்லோரும் வாசலுக்குப் பாய்கிறார்கள். கிங்கும் தப்பித்து வெளியே வந்துவிட்டார். வந்த பிறகுதான் பார்க்கிறார், கையில் கிட்டார் இல்லை.

30 டாலர் கிட்டார். இன்னொன்று வாங்கப் பணம் ஏது? என்ன செய்தார்? திரும்ப உள்ளே ஓடினார். பிள்ளைகளே, நீங்கள் இதைச் செய்யக் கூடாது, தலைமையாசிரியை அம்மா என்னை முறைக்கிறார். ஓடினார், எடுத்தார், வெளியே வந்தார், கொட்டகை சரிந்து விழுந்தது. இரண்டு பேர் உள்ளேயே செத்துப்போனார்கள். மறுநாள்தான் சண்டைக்குக் காரணம் தெரிந்தது: அந்தக் கொட்டகையில் வேலை பார்த்த ஒரு பெண். பெயர் லூசில். கிங் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிட்டாருக்கு லூசில் என்று பெயர் வைத்தார். இனி ஒரு நாளும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாது என்று தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்ள வைத்த பெயராம். அதற்குப் பிறகு எத்தனையோ கிட்டார் மாற்றினார். எல்லாமே லூசில்தான். 2015-இல் சாகும்வரை மேடைக்கு மேடை லூசிலோடுதான் வந்தார். அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமோ தெரியாதோ!

(கைதட்டல்)

கைதட்டினீர்கள், சந்தோஷம். ஆனால் கைதட்ட வேண்டிய இடம் இதற்கு முன்னால் இருக்கிறது. கிங் சின்னப் பையனாக இருந்தபோது உறவுக்காரரான ஒரு போதகர் வீட்டுக்கு வருவார். கிட்டாரைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பெரியவர்கள் சாப்பிடப் போவார்கள். பையன் நைசாக ஏறித் தொட்டுப் பார்ப்பான். ஒரு நாள் பிடிபட்டான். போதகர் அடிக்கவில்லை, கிட்டாரைத் தூக்கி உயரத்தில் வைக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டும் விதம், சொல்லிக்கொடுத்தார். காலமெல்லாம் அந்த மூன்று கார்டை கிங் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நம் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? ஓர் அரசுப் பள்ளி. பெயர் வேண்டாம். பீரோவுக்குள் ஆர்மோனியம், ஒரு ஜோடி தபேலா, கஞ்சிரா. எல்லாம் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. பீரோவுக்குப் பூட்டு. ஏன் சார் என்று கேட்டேன். பிள்ளைகள் உடைத்துவிட்டால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. எடுத்து வாசிக்கச் சொல்லித்தர ஆளில்லாத இடத்தில் பூட்டத்தான் தோன்றும். ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்திருந்தது. அதைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. மூட மூட ரோகம் என்பது இதுதான்.

2012-இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரை நாள். பிறகு தொகை கூடியது, ஆனால் வேலை நிரந்தரம் வேண்டுமென்று அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. அரை நாளில் என்ன சொல்லித்தருவது? பிள்ளைகள் ச-வில் சுருதி சேர்ந்து நிற்பதற்கே அரை நாள் ஆகும். 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தார்கள். இசைத்தட்டுப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும், முல்லைப்பாணியில், அதாவது மோகனத்தில், 55 வினாடியில் என்று ஆணை. அருமையான ஆணை, நான் கைதட்டி வரவேற்றேன். பயிற்சி யார் கொடுப்பது? கலைத் திருவிழா வந்தது, அதுவும் நல்லதுதான். ஆனால் போட்டிக்கு முந்தின வாரம் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துத் தாங்களே கற்றுக்கொண்டு போகிறார்கள்.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்று ஆண்டு தேவாரமும் நாகசுரமும் தவிலும் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சென்னை, திருவையாறு, மதுரை, கோவை என்று நான்கு அரசு இசைக்கல்லூரிகள் இருக்கின்றன. படித்தவருக்கும் வேலை இல்லை, வேலை இருக்கிற இடத்தில் ஆளும் இல்லை. வித்வான் ஐயா தலையாட்டுகிறார், அவருடைய சீடர்களில் எத்தனை பேர் ஆட்டோ ஓட்டுகிறார்கள் என்று அவரைக் கேளுங்கள்.

நாதியா பூலான்ஜேவுக்கு வருகிறேன். இந்த ஆறு பேரில் எனக்கு அதிகம் பிடித்தவர் அவர்தான், ஏனென்றால் வாத்தியார். தங்கை லிலி 1913-இல் ரோம் பரிசு வாங்கிய பெரிய இசையமைப்பாளர், இருபத்து நான்கு வயதில் போய்விட்டாள். அக்கா எழுதுவதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். எழுபது ஆண்டு! அமெரிக்காவிலிருந்து ஆரன் கோப்லாண்ட் வந்தார், குயின்ஸி ஜோன்ஸ் வந்தார், பிலிப் கிளாஸ் வந்தார். 1954-இல் அர்ஜென்டினாவிலிருந்து அஸ்தோர் பியாசோலா வந்தார். இரவு விடுதியில் தன் ஊர் நடன இசையான டாங்கோ வாசித்துப் பிழைத்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, தான் எழுதிய சிம்பொனித் தாள்களை அடுக்கினார். அந்த அம்மா எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார். இதில் ஸ்திராவின்ஸ்கி தெரிகிறார், பார்தோக் தெரிகிறார், எல்லாம் மற்ற இசையமைப்பாளர்கள், நீ எங்கே என்று கேட்டார். துருவித் துருவிக் கேட்டு டாங்கோவை வாசிக்கவைத்தார். இதுதான் நீ, இதை விடாதே என்று அனுப்பினார். பியாசோலா ஊருக்குத் திரும்பி டாங்கோவையே புரட்டிப்போட்டார்.

ஒப்பாரியும் கும்மியும் வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, அப்பா பறை அடிக்கிறார் என்று வகுப்பில் சொல்லக் கூசுகிற பிள்ளை, நம் பள்ளியில் எத்தனை? அதை வாசித்துக் காட்டு என்று கேட்க ஒரு வாத்தியார் வேண்டாமா?

காலாஸும் குரல் தளர்ந்த பிறகு 1971-72-இல் நியூயார்க் ஜூலியார்ட் பள்ளியில் வகுப்பெடுத்தார். ஹாரா பல்கலைக்கழக ஆசிரியர், பிடிபட்டதே அந்த வளாகத்தில்தான். அவரைச் சிறைவைத்த அரங்கத்துக்கு இன்று அவர் பெயர். விரிவாகச் சொல்ல ஆசை. தலைவர் ஐயா இரண்டாவது தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

கோரிக்கைக்கு வருகிறேன். ஒவ்வோர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் முழுநேர இசை ஆசிரியர். அது கிடைக்கும்வரை, பக்கத்தில் இருக்கிற இசைப்பள்ளிப் பட்டதாரியை மதிப்பூதியத்தில் அழைக்கப் பள்ளிக்கு அனுமதி. பழுதான வாத்தியத்தைப் பழுதுபார்க்க ஒரு தொகை, உடைந்தால் ஆசிரியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று ஒரு வரி. இந்த வரி வந்தால் பாதிப் பீரோக்கள் நாளைக்கே திறக்கும். பாடப் பாட ராகம்!

வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா மனுவை வாங்கிக்கொள்ள இசைந்திருக்கிறார், நன்றி. ஆனால் மனு மட்டும் போதாது. பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் நீங்கள்தான் இருக்கிறீர்கள். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்து வராதீர்கள். தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தின் மாதிரியை அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். பள்ளியின் பெயரை மட்டும் நிரப்பினால் போதும். மனுவும் அங்கேயே இருக்கிறது. பேனா குறைவாகத்தான் இருக்கிறது, எழுதியவர்கள் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.