ஒற்றைக் கேபிளின் இரு முனைகள்

அனைவருக்கும் வணக்கம். சர்வர் கூடங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் எம்பிஎல்எஸ் கோருடன் இணைப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். எம்பிஎல்எஸ் என்பது முகவரிக்குப் பதில் லேபிளைப் பார்த்துப் பாக்கெட்டைக் கடத்தும் முறை, கோர் என்பது நிறுவனத்தின் நடு வலையமைப்பு. கோரைப் பற்றி நான் கொஞ்சம்தான் பேசப் போகிறேன். நான் இத்தனை வருஷத்தில் பார்த்த கோளாறுகள் பெரும்பாலும் நம் ரூட்டருக்கும் அவர்களுடைய விளிம்பு ரூட்டருக்கும் நடுவே ஓடும் அந்த ஒற்றைக் கேபிளின் இரு முனைகளில்தான் இருந்தன.

கோர் செய்வது எளிய வேலை. பாக்கெட் உள்ளே நுழையும்போது விளிம்பு ரூட்டர், அதாவது பிஇ, அதன் தலையில் லேபிள் ஒட்டுகிறது. ஒரு லேபிள் 32 பிட். எண்ணுக்கு 20, முன்னுரிமைக்கு 3, கடைசி லேபிள் என்ற குறிக்கு 1, எத்தனை ரூட்டர் தாண்டலாம் என்ற ஆயுளுக்கு 8. நடுவில் உள்ள ரூட்டர்கள் மேலே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து, மாற்றி ஒட்டி, அடுத்த ரூட்டருக்குத் தள்ளிவிடும். விபிஎன், அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாகப் பிரித்த வலையமைப்பு, என்றால் இரண்டு லேபிள். வெளியே இருப்பது எந்த பிஇக்குப் போக வேண்டும் என்று சொல்லும், உள்ளே இருப்பது அங்கே எந்த வாடிக்கையாளருக்கு என்று சொல்லும். உங்கள் சர்வர் முகவரி கோருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆயிரம் வாடிக்கையாளர்களை ஒரே கோர் தாங்குவது இதனால்தான். அப்படியானால் நம் சிக்கலை நாம் விளிம்பிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். இரண்டு சர்வர் கூடங்கள், நடுவே எம்பிஎல்எஸ். இணைப்பு வந்த அன்று பிங், அதாவது மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட், போனது, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். மறுநாள் காலை அப்ளிகேஷன் குழுவிலிருந்து போன். லாகின் திரை வருகிறது, கடவுச்சொல் அடித்தால் உள்ளேயும் விடுகிறது, ஆனால் அறிக்கையைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிறுவனத்தைக் கேட்டோம். லிங்க் அப், எரர் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். நாங்கள் நாள் முழுக்க ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம்தான் பிங்கின் அளவை மாற்றிப் பார்க்கத் தோன்றியது. துண்டாக்கக் கூடாது என்ற பிட்டைப் போட்டு 1472 பைட் அனுப்பினோம். ஐபி தலைப்புக்கு 20, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பியின் தலைப்புக்கு 8 சேர்த்தால் சரியாக 1500. பதில் இல்லை. 1400 போனது. ஏற்றி இறக்கிப் பார்த்ததில் 1422 போகிறது, 1423 நின்றுவிடுகிறது. 1472-க்கும் 1422-க்கும் வித்தியாசம் 50. அந்த எண்ணைப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது: விஎக்ஸ்லேன், சர்வரின் ஈதர்நெட் ஃபிரேமை இன்னொரு ஐபி பாக்கெட்டுக்குள் வைத்துக் கட்டி அனுப்பும் முறை. வெளி ஐபி 20, யுடிபி 8, விஎக்ஸ்லேன் தலைப்பு 8, உள்ளே ஈதர்நெட் 14. கூட்டிப் பாருங்கள்.

சர்வர் 1500 அனுப்ப, எங்கள் ஸ்விட்ச் அதைச் சுற்றிக் கட்டி 1550 ஆக்குகிறது. கோருக்குள் பெரிய ஃபிரேம்களுக்கு நிறைய இடம் இருந்தது. எங்களுக்குக் கொடுத்த போர்ட் மட்டும் 1500-இல் இருந்தது. விஎக்ஸ்லேன் முனைகள் பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று 2014-இல் வந்த அதன் விவர ஆவணமான ஆர்எஃப்சி 7348 சொல்கிறது. ஆகவே பெரிய பாக்கெட் சத்தமில்லாமல் விழுந்தது, சர்வருக்கு ஒரு தகவலும் போகவில்லை. லாகின் சின்ன பாக்கெட், தப்பித்தது. அறிக்கை பெரிய பாக்கெட், மாட்டிக்கொண்டது.

பேண்ட்விட்த்தைப் பற்றிப் பத்து கூட்டம் போடுகிறோம். கைமாறும் போர்ட்டில் எம்டியூ, அதாவது துண்டாக்காமல் போகக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, எவ்வளவு என்று ஒரு வரி எழுதி வாங்க மறந்துவிடுகிறோம். தயவுசெய்து எழுதி வாங்குங்கள்.

சரி, அடுத்தது ரூட்டிங். எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரூட்டர்கள் சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகளில், பிஇயுடன் பெரும்பாலும் பிஜிபிதான் பேசுவோம். இரண்டு கூடத்துக்கும் ஒரே ஏஎஸ் எண் (பிஜிபியில் ஒரு வலையமைப்பின் அடையாள எண்), உதாரணத்துக்கு 64512, வைத்துவிட்டால் ஒரு கூடத்தின் ரூட்டை மற்றது ஏற்காது. பாதையில் தன் எண்ணே இருப்பதால் லூப், அதாவது தன்னிடமே சுற்றி வந்த ரூட், என்று நினைத்துத் தள்ளிவிடும். பாதையில் உள்ள நம் எண்ணை நிறுவனத்தின் எண்ணாக மாற்றும் ஏஎஸ் ஓவர்ரைடைப் பிஇயில் போட்டால் ரூட் வந்துவிடும். ஆனால் லூப்பைத் தடுத்த காவலையும் அதோடு எடுத்துவிடுகிறோம். இரண்டு கூடங்களுக்கும் நடுவே சொந்தமாக ஒரு ஃபைபர் இருந்தால், ஒரு கூடத்தின் ரூட் அந்த வழியாகச் சுற்றிக் கோருக்குள் மறுபடி நுழையும். அதற்கு, ரூட் எந்தக் கூடத்திலிருந்து கிளம்பியது என்ற மூல அடையாளம் போட்டுத் தடுக்க வேண்டும். கூடத்துக்கு ஒரு எண் என்று முதலிலேயே பிரித்துக் கொடுத்தால் இந்த வேலையே இல்லை. நான் எப்போதும் அதைத்தான் செய்வேன்.

இணைப்பு செத்ததை எவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொள்கிறோம் என்பதும் முக்கியம். பிஜிபி தன் பாட்டில் காத்திருந்தால் 90 விநாடி, சில ரூட்டர்களில் 180. நடுவே ஒரு ஸ்விட்ச் இருந்தால் அந்தப் பக்கம் செத்தும் நம் போர்ட்டில் பச்சை விளக்கு எரியும். பிஎஃப்டி என்ற உயிர்ச்சோதனைப் பாக்கெட் 300 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை, மூன்று தவறினால் செத்தது என்று வைத்தால் ஒரு விநாடிக்குள் தெரிந்துவிடும்.

அப்புறம், இரண்டு கூடங்களிலும் ஒரே விலேனை, அதாவது ஒரே ஸ்விட்சில் இருப்பது போன்ற உள் வலையமைப்பை, நீட்டிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சர்வரை முகவரி மாறாமல் இடம் மாற்ற வேண்டும் என்பார்கள். நியாயமான ஆசைதான், ஆனால் நான் முதலில் மறுத்துத்தான் பேசுவேன். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் உண்டு, லேபிளுக்கும் உண்டு. ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. ஒரு கூடத்தில் லூப் விழுந்தால் ஃபிரேம்கள் முடிவில்லாமல் சுற்றும், அந்தப் புயல் அடுத்த கூடத்தையும் சேர்த்துப் படுக்க வைத்துவிடும். எதற்காக இரண்டாவது கூடம் கட்டினோமோ அது அந்த நிமிஷம் இல்லாமல் போகிறது. நீட்டியே ஆக வேண்டும் என்றால் ஈவிபிஎன் கேளுங்கள். மேக் முகவரிகளை, அதாவது சர்வர்களின் வன்பொருள் முகவரிகளை, அது பிஜிபி வழியாகவே தெரிவித்துவிடுவதால், தெரியாத முகவரியைத் தேடி எல்லாப் பக்கமும் இறைப்பது குறையும். அதிலும் எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்டுக்கு வரம்பு போடுங்கள்.

எம்பிஎல்எஸ் விபிஎன் பிரித்து வைக்கும், பூட்டி வைக்காது. லேபிளுக்குக் கீழே உங்கள் தரவு அப்படியேதான் போகிறது. ரகசியம் வேண்டுமென்றால் பாக்கெட்டைக் குறியாக்கம் செய்யும் ஐபிசெக் போடுங்கள். அது சேர்க்கும் பைட்டுகளையும் எம்டியூ கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சர்வர்கள் வருவதற்கு முன்னால் ஒரு ராத்திரியை ஒதுக்குங்கள். மாற்றுக்கு இரண்டாவது கேபிளும் வாங்கியிருந்தால், பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்க விட்டுவிட்டு முதல் கேபிளைக் கையால் உருவுங்கள். நகல் நிற்காமல் ஓடுகிறதா? திரும்பச் செருகும்போது தடங்குகிறதா? பிறகு நிறுவனத்தாரிடம் இரண்டாவது கேபிள் எந்த பிஇயில் முடிகிறது, எந்தக் குழாய் வழியாகக் கட்டடத்துக்குள் வருகிறது என்று வரைபடம் கேளுங்கள். இரண்டு கேபிளும் ஒரே குழாயில் வந்தால், ஒரு மண்வெட்டி போதும்.