குற்றாலத்து மந்திகள்

நேயர்களுக்கு வணக்கம்.

குற்றாலத்துக்குக் குளிக்கப் போய், கையில் இருந்த பழத்தையோ பையையோ குரங்கிடம் பறிகொடுக்காதவர்கள் செங்கோட்டை, தென்காசிப் பக்கம் குறைவுதான். திட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த முறை கொஞ்சம் நின்று பாருங்கள். எது எதற்குப் பேன் பார்க்கிறது, எது வந்தால் எது நகர்ந்து இடம் விடுகிறது, அதை மட்டும் பாருங்கள்.

நாட்டுக்குரங்குக் கூட்டம் மந்திகளால், அதாவது பெண்குரங்குகளால் ஆனது. பெண்குட்டி பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும். ஆண்குட்டி வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விடும். தலைவன் என்று நாம் நினைக்கிற பெரிய கடுவன், அதாவது ஆண்குரங்கு, பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தவன்! தாய்க்கு என்ன மதிப்போ அதுவே மகளுக்கும். சண்டை என்றால் தாய் பரிந்துகொண்டு வருவாள். மற்றவை ஒதுங்கப் பழகிக்கொள்ளும்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியாக அடையாளம் கண்டதால்தான். ஜப்பானில் கோஷிமா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே ஆய்வாளர்கள் ஒவ்வொரு குரங்குக்கும் பெயர் வைத்திருந்தார்கள். 1953-இல் இமோ என்ற பெண்குட்டி, மணல் ஒட்டிய சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஓடையில் கழுவித் தின்றது. வயது ஒன்றரைதான். அதை முதலில் கவனித்தவர் யார் தெரியுமா? சட்சுயே மிட்டோ என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை. கூட விளையாடும் குட்டிகள் கற்றுக்கொண்டன, இமோவின் தாய் கற்றுக்கொண்டாள். வயதான கடுவன்கள் பெரும்பாலும் கற்கவே இல்லை. அப்புறம் அதே இமோ, மணலோடு கலந்த கோதுமையை அள்ளித் தண்ணீரில் போட்டது. மணல் அடியில் போனது, கோதுமை மிதந்தது, பொறுக்கித் தின்றது. வெறுமனே 'குரங்கு' என்று பார்த்திருந்தால் யாரிடமிருந்து யார் கற்றார் என்பது தெரிந்தே இருக்காது. பெயர் சொல்லிப் பார்த்ததால் தெரிந்தது. திரும்பவும் சொல்கிறேன், ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆரியங்காவு, புனலூர் தாண்டிக் கொல்லம் பக்கம் போனால் சாஸ்தாம்கோட்டை. அங்கே ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. அம்பலத்துக் குரங்கு, அதாவது கோயில் குரங்கு வேறு, சந்தைக் குரங்கு வேறு என்று பிரித்தே சொல்வார்கள். சந்தைக் கூட்டத்தைக் கோயில் கூட்டம் உள்ளே விடாது.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சிங்கவால் குரங்கைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத இனம். 1976-இல் களக்காடு சரணாலயம் வந்ததே அதற்காகத்தான். அது பெரும்பாலும் மரத்திலேயே வாழ்வது. காடு துண்டானால், வளர்ந்த ஆண்குட்டி வேறு கூட்டம் தேடிப் போகக் கிளை வழி இருக்காது. எந்தக் குரங்காக இருந்தாலும், மலைச்சாலையில் வண்டியை நிறுத்தித் தின்பண்டம் வீசாதீர்கள். அதற்காகச் சாலைக்கு வந்துதான் அடிபட்டுச் சாகின்றன.

நன்றி, வணக்கம்.