1877: அமெரிக்கா பின்பக்கம் திரும்பிய வருடம்

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

'அமெரிக்க மக்கள் வரலாற்றின் திருப்புமுனைகள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். 1776 விடுதலைப் பிரகடனம், 1863 அடிமை விடுதலை, 1929 பங்குச்சந்தைச் சரிவு, 1941 பேர்ல் ஹார்பர் என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு நான் இறங்கிவிடலாம். அதெல்லாம் உங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. திருப்புமுனை என்றாலே முன்னேற்றம் என்று நமக்கு ஒரு நினைப்பு. பின்பக்கமும் திரும்பலாம். அப்படித் திரும்பிய ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு பேசப்போகிறேன். 1877.

அதற்கு முன்னால் ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ளுங்கள். ராபர்ட் ஸ்மால்ஸ். தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் உள்நாட்டுப் போர் நடக்கும்போது, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளாண்டர்' என்கிற கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தார். கப்பல் தெற்கு மாநிலங்களின் படையுடையது. 1862 மே 13. வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருக்கிறார்கள். விடிவதற்குள் இவர் கப்பலைக் கிளப்புகிறார். வழியில் மனைவி மக்களை ஏற்றிக்கொள்கிறார். கேப்டனுடைய வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, துறைமுகத்தைக் காத்துநின்ற சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்கு எதிரிலேயே, ஊத வேண்டிய சங்கைச் சரியாக ஊதிவிட்டுக் கடந்து போகிறார். நேராக வடக்கத்திக் கடற்படையிடம் போய்க் கப்பலை ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 23. பின்னாளில், தன்னை அடிமையாக வைத்திருந்தவருடைய வீட்டையே விலைக்கு வாங்கினார்!

போரில் செத்தவர்கள் ஆறு லட்சத்துக்கு மேல். விடுதலையானவர்கள் ஏறத்தாழ 40 லட்சம் பேர். 13, 14, 15 என்று மூன்று அரசியல் சட்டத் திருத்தங்கள் வந்தன. அடிமைமுறை போனது, குடியுரிமை வந்தது, கறுப்பின ஆண்களுக்கு ஓட்டும் வந்தது. 1868இல் தென் கரோலினா தனக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதக் கூடியபோது, உட்கார்ந்திருந்த பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். ஸ்மால்ஸும் அதில் ஒருவர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று வாதாடினார். பிறகு வாஷிங்டன் நாடாளுமன்றத்துக்கும் போனார். மிசிசிப்பி மாநிலம் ஹைரம் ரெவல்ஸ், பிளான்ச் புரூஸ் என்று இரண்டு கறுப்பர்களை நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு அனுப்பியது. புரூஸ் அடிமையாகப் பிறந்தவர். சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடத்துக்குள் ஒரு சமூகம் இவ்வளவு தூரம் வந்தது உலகத்தில் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது 1876 தேர்தலுக்கு வருவோம். தெற்கு வெள்ளையர் ஆதரித்த ஜனநாயகக் கட்சியின் டில்டனுக்கு மக்கள் ஓட்டு அதிகம். ஆனால் அங்கே அதிபரை முடிவுசெய்வது மாநிலவாரியான தேர்வாளர் ஓட்டுகள்; அவற்றில் 20 ஓட்டுகளில் தகராறு. பதினைந்து பேர் ஆணையம் போட்டார்கள். எட்டுக்கு ஏழு, கட்சி பார்த்தே தீர்ப்பு. குடியரசுக் கட்சியின் ஹேஸ் 185க்கு 184 என்று ஜெயித்தார். தோற்ற கட்சி எப்படிச் சும்மா இருந்தது? திரைமறைவில் பேரம் நடந்தது. ஹேஸ் அதிபராகட்டும், போருக்குப் பிறகு கறுப்பர்களின் உரிமைக்குக் காவலாகத் தெற்கு மாநிலங்களில் நின்ற மத்தியப் படை இனித் தலையிடக் கூடாது. இந்தப் பேச்சுகளில் ஒன்று வாஷிங்டனில் உள்ள வோர்ம்லி ஹோட்டலில் நடந்தது. அந்த ஹோட்டலின் முதலாளி ஜேம்ஸ் வோர்ம்லி ஒரு கறுப்பர். அவர் கூரைக்குக் கீழேயே அவர் மக்களின் தலையெழுத்தை மாற்றினார்கள்.

1877 ஏப்ரலில் படைகள் பின்வாங்கின. அதற்குப் பிறகு நடந்ததை நான் அவசரமாகச் சொல்கிறேன், கேட்கவே கசப்பாக இருக்கும். ஓட்டுப் போட வரி கட்டு என்றார்கள். சட்டப் பிரிவை வாசித்து அர்த்தம் சொல் என்றார்கள். படிக்காத வெள்ளைக்காரர் மாட்டிக்கொள்வாரே? அதற்கும் லூசியானா 1898இல் வழி கண்டுபிடித்தது: 1867 ஜனவரி 1க்கு முன் உன் அப்பனோ தாத்தாவோ ஓட்டுரிமை பெற்றிருந்தால் உனக்குச் சோதனை இல்லை. அந்தத் தேதியில் எந்தக் கறுப்பருக்கு அங்கே ஓட்டு இருந்தது! 1896இல் அந்த மாநிலத்தில் சுமார் 1,30,000 கறுப்பின வாக்காளர்கள். 1904இல் 1,400கூட இல்லை.

தென் கரோலினா 1895இல் மறுபடியும் சட்டம் எழுதக் கூடியது, இந்த முறை ஓட்டைப் பறிப்பதற்காக. கறுப்பர்கள் ஆறே பேர். ஸ்மால்ஸ் அங்கேயும் எழுந்து நின்று வாதாடினார். அது எடுபடவில்லை.

பிளான்ச் புரூஸ் 1881இல் செனட்டை விட்டு இறங்கினார். அடுத்த கறுப்பின செனட்டர், எட்வர்ட் புரூக், உள்ளே நுழைந்தது 1967இல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளையோ பேரனோ அமெரிக்காவில் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (அரங்கில் ஏராளமான கைகள் உயர்கின்றன.) 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து குடியேற வருடத்துக்கு 100 பேருக்குத்தான் அனுமதி. 1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மா பாலத்தில், ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. ஊர்வலத்தின் முன்னால் நடந்த ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அக்டோபரில், அதே காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே, பிறந்த நாட்டை வைத்து ஆளை ஒதுக்கும் குடியேற்ற ஒதுக்கீடும் போனது. ஒரு நாட்டுக்கு வருடத்துக்கு 20,000 பேர் வரை என்றார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை நியூ ஜெர்சியில் வீடு வாங்கியிருக்கிறான் என்றால், அந்தப் பாலத்தில் விழுந்த அடிக்கும் அவனுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அங்கே போய்க் 'கறுப்பன்' என்று முகம் சுளிக்கிற நம்மவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

1877இல் பட்ட கடன் 1965இல் அடைந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. வாக்குரிமைச் சட்டத்தின்படி, பழைய குற்றவாளி மாநிலங்கள் தேர்தல் விதியைத் தொட்டால் மத்திய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2013 ஜூன் 25, உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அந்தப் பிடியைத் தளர்த்தியது. வழக்குப் போட்டது அலபாமாவின் ஷெல்பி கவுண்டி, செல்மா இருக்கிற அதே மாநிலம். அன்று பொழுது சாய்வதற்குள், நிறுத்திவைக்கப்பட்டிருந்த, ஓட்டுப் போட அடையாள அட்டை கேட்கும் தன் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவருவதாக டெக்சாஸ் அறிவித்தது.